பள்ளியை மாற்றுமுன்: குழந்தைக்கும் பள்ளிக்கும் உள்ள பொருத்தம்

கோடை விடுமுறை நெருங்கும் காலத்தில் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் சிலர், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பின்னும் எழுவதில்லை. "இந்தப் பள்ளி இவனுக்கு ஒத்துவரவில்லை, டாக்டர். மாற்றுக் கல்வி தரும் பள்ளி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்கின்றனர். பள்ளியின் பெயரைப் பரிந்துரைப்பது மருத்துவமனையின் பணி அன்று. ஆயினும், ஒரு குழந்தையின் இயல்பும் உடல்நிலையும் எத்தகைய பள்ளியை வேண்டுகின்றன என்பதைக் கண்டறிய உதவுவது எங்கள் பணியே. அதனைக் குறித்தே இங்கு எழுதுகிறோம்.

பள்ளியை மாற்றும் எண்ணம் எதனால் எழுந்தது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். பெரும்பாலும் அது ஒரு வயிற்றுவலியில் தொடங்குகிறது. ஞாயிறன்று இல்லாத வலி திங்கள் காலையில் வருகிறது. இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் குறை எதுவும் தென்படுவதில்லை. உடனே வீட்டில் உள்ளோர் 'நடிக்கிறான்' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அது நடிப்பன்று. மனக்கலக்கம் குடலின் இயக்கத்தையும் வலியுணர்வையும் மாற்றக்கூடியது. குழந்தை உணரும் வலி மெய்யானதே. அதன் காரணம் வகுப்பறையில் இருக்கக்கூடும். உடலிலேயே இருக்கவும் கூடும். கரும்பலகை தெளிவாகத் தெரியாத குழந்தையும், நடுச்செவியில் நீர் தேங்கியதால் ஆசிரியரின் குரல் பாதியே கேட்கும் குழந்தையும் 'கவனமற்ற' குழந்தைகளாகவே தோன்றுவர். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஒருவகை வலிப்பு, 'வகுப்பில் கனவு காண்கிறாள்' என்ற குறிப்பாக மதிப்பெண் அட்டையில் இடம்பெற்றுவிடுகிறது. இரத்தச்சோகையும் உறக்கக் குறைவும் இவ்வாறே கவனத்தைக் குலைப்பன.

இன்னொரு காரணத்தைப் பெற்றோர் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அது கழிப்பறை. பள்ளிக் கழிப்பறைக்குச் செல்ல அஞ்சி, காலை முதல் மாலை வரை நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் இருக்கும் குழந்தைக்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வருவது இயல்பு. இத்தகைய காரணங்களைக் கண்டு நீக்காமல் பள்ளியை மட்டும் மாற்றினால், வலியும் புதிய பள்ளிக்கு உடன் செல்லும்.

உடலில் குறையில்லை என உறுதியான பின்னரே இயல்பைப் பற்றிப் பேச இயலும். நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தனர். எளிதில் இணங்குவோர், எளிதில் இணங்காதோர், மெல்ல மெல்லப் பழகுவோர் என மூவகை இயல்புகளை அவர்கள் வகுத்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் இவற்றுள் எதிலும் முழுமையாக அடங்கவில்லை என்பதையும் அவர்களே குறித்துள்ளனர். அவர்கள் வலியுறுத்திய கருத்து எளியது: இயல்பில் நல்லது தீயது என்பது இல்லை, குழந்தையின் இயல்புக்கும் சூழலின் எதிர்பார்ப்புக்கும் இடையே உள்ள பொருத்தமே நலத்தையும் நலிவையும் தீர்மானிக்கிறது. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம்மவர்கள், பன்னிரண்டு ஆண்டுகள் பயிலப்போகும் பள்ளிக்குத் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்ப்பது வியப்புக்குரியது.

'மாற்றுப் பள்ளி' என்ற சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் எதுவும் இல்லை. வெவ்வேறு மரபுகள் அப்பெயரின் கீழ் வருகின்றன. அவற்றுள் நம் ஊர்களில் மிகுதியாகக் காணப்படுவது மாண்டிசோரி முறை. மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர். அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளிடையே பணியாற்றிப் பெற்ற அனுபவத்தைக் கொண்டு 1907இல் ரோம் நகரின் எளிய குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த அவர், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. இம்முறையில் 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகள் ஒரே அறையில் இருப்பர். ஏறக்குறைய மூன்று மணி நேரம் மணியடித்துக் குறுக்கிடாமல், தாம் தேர்ந்த பொருளைக் கொண்டு தாமே பயில்வர். தனியே ஆழ்ந்து ஈடுபடும் குழந்தைக்கும், மெல்லப் பழகும் குழந்தைக்கும் இது பெரிதும் ஒத்துவருகிறது. ஒன்றை எடுத்து முடிக்குமுன் மற்றொன்றுக்குத் தாவும் குழந்தைக்கோ, தேர்வு செய்யும் உரிமையே சுமையாகிவிடலாம். ஆசிரியர் அருகமர்ந்து வழிநடத்தினால் அக்குழந்தையும் பயன்பெறும். அத்தகைய ஆசிரியர் இருக்கிறாரா என்பதே கேள்வி. பெயர்ப்பலகையில் 'மாண்டிசோரி' என்று எழுதியுள்ள இடங்கள் அனைத்திலும் அம்முறை நடைபெறுகிறது என்று கொள்ளவும் வேண்டா.

வால்டார்ஃப் முறை 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக ருடால்ஃப் ஸ்டெய்னர் தொடங்கியது. கதை, ஓவியம், கைவினை ஆகியவற்றுக்கு முதலிடம் தந்து, முறையான எழுத்துப் பயிற்சியை ஏறத்தாழ ஏழு வயதில்தான் தொடங்குவர். எழுத்தைக் கண்டு அஞ்சும் குழந்தை இங்கே நிம்மதியடையும். ஆனால் ஒன்றை நாங்கள் எச்சரிக்க விரும்புகிறோம்: டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு அக்குழந்தைக்கு இருப்பின், அது வெளிப்படுவதும் தாமதமாகும். குடும்பத்தில் எவருக்கேனும் வாசிப்பில் இடர்ப்பாடு இருந்திருந்தால், பள்ளி காத்திருந்தாலும் பெற்றோர் காத்திராமல் ஒலிகளைப் பிரித்தறியும் திறனைச் சோதித்துக்கொள்வது நன்று. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கருத்துகளை ஒட்டி நடைபெறும் பள்ளிகள், சிறிய வகுப்புகளையும் தரவரிசை இல்லாத சூழலையும் பேணுவன. ஒப்பீட்டால் மனம் வாடும் குழந்தைக்கு அது ஆறுதல். அவற்றுள் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி விடுதியுடன் கூடியது. இன்சுலினோ வலிப்பு மருந்தோ நாள்தோறும் வேண்டியுள்ள குழந்தையை எந்த விடுதிப் பள்ளியில் சேர்ப்பதாயினும், இரவில் மருந்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை அறிந்தபின்னரே முடிவெடுக்க வேண்டும்.

மேற்கூறிய முறைகளைவிடவும் நாங்கள் முதன்மையாகக் கருதுவது தொலைவு. ஆறு வயதுக் குழந்தை காலையிலும் மாலையிலும் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் அமர்ந்து சென்று பெறும் நற்கல்வி, அக்குழந்தையின் உறக்கத்தையும் விளையாட்டையும் விலையாகக் கொள்கிறது. பேச்சுப் பயிற்சிக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் உரிய மாலை நேரம் பயணத்தில் கரைந்துவிடுகிறது. பணமும் அப்படியே. பள்ளிக் கட்டணம் கட்டியபின் சிகிச்சைக்குக் கையில் ஒன்றும் எஞ்சவில்லை என்றால், அந்தப் பள்ளி எவ்வளவு சிறந்ததாயினும் அக்குழந்தைக்கு உரியதன்று.

பள்ளியைப் பார்க்கச் செல்வோர் ஆண்டு விழா நாளில் செல்லுதல் கூடாது. சாதாரண நாளொன்றில், குழந்தைகளும் ஆசிரியரும் களைத்திருக்கும் கடைசிப் பாடவேளையில் செல்க. தவறாக விடை சொன்ன குழந்தையிடம் ஆசிரியர் எவ்வாறு பேசுகிறார் என்று கேளுங்கள். பள்ளியின் கொள்கை விளக்கம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடும். கழிப்பறைக்குள் சென்று பாருங்கள். ஓசையைத் தாங்க இயலாத ஆட்டிசக் குழந்தையாயின், உணவு இடைவேளையில் ஒதுங்கி அமர ஓர் அமைதியான இடம் உண்டா என்று காண்க. ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் எங்கே இருக்கும், அதனைத் தர அறிந்தவர் எவர் என்று வினவுக. "எங்களிடம் அத்தகைய பிரச்சினைகள் வருவதில்லை" என்பது விடையன்று. சென்ற ஆண்டில் எத்தனை ஆசிரியர்கள் விலகினர் என்பதையும் தயங்காமல் கேட்கலாம்.

அடுத்துச் சட்டம் தொடர்பான சில செய்திகள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையைச் சேர்க்கும்போது நன்கொடை பெறுவதும், குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு, நேர்காணல் போன்றவற்றால் வடிகட்டுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆவதைக் காட்டிச் சேர்க்கையை மறுத்தலும் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் போன்ற சலுகைகளுக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழே செல்லும். எங்களைப் போன்ற தனியார் மருத்துவமனையின் அறிக்கை அதற்குத் துணையாகுமே அன்றி ஈடாகாது. கற்றல் குறைபாட்டைப் பொதுவாக எட்டு வயதுக்குப் பின்னரே உறுதிப்படுத்துகிறோம் என்பதால், அதற்குமுன் சான்றிதழுக்கு அலைவதில் பயனில்லை. உதவியை மட்டும் அதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

மாற்றுப் பள்ளியைத் தேரும் நாளிலேயே பத்தாம் வகுப்பையும் எண்ணிப் பார்ப்பது நலம். அங்குப் பயிலும் குழந்தை இறுதியில் எந்தத் தேர்வை எழுதும்? 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வையே மாற்றுப் பள்ளிகள் பல நாடுகின்றன. அங்கே பாடங்களைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு. ஐந்தாண்டுக்குள் ஒன்பது முறை தேர்வெழுதும் வாய்ப்பும் உண்டு. நீண்டகால நோயால் பள்ளிக்குச் செல்ல இயலாத எங்கள் நோயாளிகள் சிலருக்கும் இது கைகொடுத்துள்ளது. 'எட்டாம் வகுப்புக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் பள்ளியிடம், சென்ற ஆண்டு அவ்வகுப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே பயில்கின்றனர் என்று கேட்பது தகும்.

ஆராய்ந்து பார்த்தபின், பள்ளியை மாற்றவே வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வரும் குடும்பங்களும் உண்டு. முன்வரிசையில் ஓர் இருக்கை, பாதியாகக் குறைத்த வீட்டுப்பாடம், எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசிக்கச் சொல்லாத ஓர் ஆசிரியர் ஆகிய இவையே சிலருக்குப் போதுமானவையாகின்றன. இவற்றை வேண்டிப் பள்ளிக்குக் கடிதம் தர நாங்கள் அணியமாக உள்ளோம். அக்கடிதத்தில், பெற்றோர் விரும்பாதவரை, நோயின் பெயரை எழுதுவதில்லை. குழந்தைக்குத் தேவையானது எது என்பதை மட்டுமே எழுதுகிறோம்.

மாற்றுவது என முடிவாகிவிட்டால், முடிந்தவரை கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மாற்றுங்கள். குழந்தையிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்; இல்லையேல் தான் தோற்றதனால் அனுப்பப்படுவதாக அது எண்ணிக்கொள்ளும். முதல் சில வாரங்களில் அழுகையும் பசியின்மையும் தோன்றலாம். மெல்லப் பழகும் குழந்தைக்கு ஒரு பருவம் முழுதும் ஆகலாம். அதன் பின்னும் காலை வலி தொடர்ந்தாலோ, உறக்கம் குலைந்தாலோ, எடை குறைந்தாலோ மீண்டும் அழைத்து வாருங்கள்.

பள்ளி குறித்துக் கலந்து பேச வருவோர், குழந்தையின் இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டைகளையும், திருத்தப்பட்ட எழுத்து நோட்டுகள் சிலவற்றையும், வலி வந்த நாளும் நேரமும் குறித்த இரு வாரக் குறிப்பையும் உடன் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம். விடுமுறை நாள்களையும் அக்குறிப்பில் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.