அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்

குனோங் ராபாட்

அன்புள்ள தர்ஷினி,

புற்றுநோய் மருத்துவம் படிக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா கண் டாக்டர் ஆகச் சொல்கிறாள். "சாகப் போறவங்களோட எத்தனை வருஷம் உட்காருவா?" என்று எனக்குப் போன் போட்டு அழுதாள். அந்தப் பயத்தில் தப்பில்லை. ஆனாலும் போ என்றுதான் சொல்வேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரசராக இருந்தபோது, பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் மார்புக் கட்டியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. போதாததற்கு, கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பேச்சு வேறு. புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வருவார்கள். தோட்டங்கள் போய்விட்டன, இந்த வழக்கம் போகவில்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2017–2021 அறிக்கையைப் பார். எல்லாப் புற்றுநோயும் சேர்த்துக் கண்டுபிடித்ததில் நூற்றுக்கு 65 பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். டாக்டர் மலாயில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "என்னம்மா சொன்னாரு?" என்று மகளைக் கேட்கும் பாட்டிகள் ஈப்போவில் இன்னமும் இருக்கிறார்கள். உன் தமிழ் அங்கே வேண்டும்.

வேலை எப்படி என்று தெரிந்துகொண்டு போ. அமெரிக்காவில் மருந்து கொடுப்பவர் ஒருவர், கதிர்வீச்சு கொடுப்பவர் வேறொருவர். நம் நாட்டில் பிரிட்டிஷ் வழி. ஆன்காலஜிஸ்ட் என்றால் பெரும்பாலும் இரண்டும் அவர் கையில்தான். கட்டியை வெட்டுவது மட்டும் சர்ஜன். எதை முதலில் செய்வது, எதோடு நிறுத்துவது என்று நோயாளியோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியவள் நீ. நிறுத்தச் சொல்லும் நாள்தான் கடினம். அதைப் பாடப் புத்தகத்தில் படிக்க முடியாது. மூத்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும்.

அதனால்தான் புற்றுநோய் டாக்டர்களின் சங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஓட்டலில் கூடிச் சாப்பிட்டுக் கலைகிற கூட்டம் என்று நீ கிண்டலாக எழுதியிருந்தாய். அப்படியும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1964-இல் சிகாகோவில் ஏழே டாக்டர்கள் கூடித்தான் அமெரிக்கக் கிளினிக்கல் ஆன்காலஜி சங்கத்தைத் தொடங்கினார்கள். புற்றுக்கு மருந்து என்றாலே பலர் நம்பாத காலம் அது. அந்த ஏழு பேரில் ஜேன் ரைட் என்ற கறுப்பினப் பெண் ஒருவர். இன்று அதில் 45,000-க்கும் மேல் உறுப்பினர்கள்.

இன்னொன்று, மருந்து விலை. டிராஸ்டுசுமாப் ஊசியை நீ வார்டில் பார்த்திருப்பாய். ஹெர்-2 வகை மார்பகப் புற்றுக்கு ஒரு வருஷம் போட வேண்டும். விலையைக் கேட்கிற குடும்பம் அப்படியே உட்கார்ந்துவிடும். 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பல நாட்டு நிபுணர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஆதாரம் திரட்டிக் கொடுத்ததால் நடந்தது அது. தனி டாக்டர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தால் குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும். நம் மலேசியப் புற்றுநோயியல் சங்கத்தில் நீ சேர்ந்தால் பின்வரிசையில் உட்காராதே. மாநாட்டில் ஒருவர் கட்டுரை வாசித்து முடித்ததும் எழுந்து, "ஜெலாப்பாங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு இந்த மருந்து எப்படிக் கிடைக்கும்?" என்று கேள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இந்த வருஷ மாநாடு எப்போது என்று விசாரி. கட்டணத்தை நான் அனுப்புகிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதுவரை நீ வாயைத் திறக்காதே.

அன்புடன்,
பெரியப்பா