மலைக்காற்றில் என்ன மிதக்குது?

"கேமரன் மலைக் காற்று மாதிரி சுத்தமான காற்று வேற எங்கயும் இல்லை" என்ற பேச்சைக் கேட்டே நான் வளர்ந்தேன். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோலாலம்பூரில் இருந்து வரும் சொந்தக்காரங்க காரை விட்டு இறங்கினதும் முதல் வேலையா மூச்சை நல்லா இழுத்து விடுவாங்க. அந்தப் பேச்சு முழுப் பொய் இல்லை. ஆனால் ஒரு காற்று நல்லதா கெட்டதா என்பதைக் குளிர்ச்சி சொல்லாது, பெரும்பாலும் மூக்கும் சொல்லாது. அதில் மிதக்கும் துகளின் அளவும், அந்தத் துகள் எதனால் ஆனது என்பதும்தான் சொல்லும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

முதலில் அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். நம்ம தலைமுடியின் தடிப்பு சுமார் 50 முதல் 70 மைக்ரோன். செய்தியில் அடிக்கடி அடிபடும் பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோனும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள். பொறியியல் படிக்கிற நண்பர்களுக்கு ஸ்டோக்ஸ் விதி ஞாபகம் இருக்கும். துளியின் விட்டம் பாதியானால், அது விழும் வேகம் கால்வாசியாகிவிடும். தண்ணீர்த் துளிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து 100 மைக்ரோன் துளி நாலு விநாடியில் தரையைத் தொடுகிறது. 10 மைக்ரோன் துளிக்கு ஐந்தரை நிமிடம் ஆகிறது. 2.5 மைக்ரோன் துளிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், அதுவும் காற்று துளிகூட அசையாமல் இருந்தால்! கொஞ்சம் காற்றடித்தாலும் அது கீழே வருவதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

உடம்புக்குள்ளும் இதே அளவுதான் விஷயத்தைத் தீர்மானிக்கிறது. பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். தும்மினால், துப்பினால் வெளியே போகும். அதைவிடச் சின்னது மூச்சுக்குழாய் வரை இறங்கும். அங்கே இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் சளியோடு சேர்த்து அதை மேலே தள்ளிவிடும். 2.5 மைக்ரோனுக்குக் கீழே உள்ளது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கே மயிரிழையும் இல்லை, சளியும் இல்லை. மிக நுண்ணிய துகள்கள் ரத்தத்திலேயே கலந்துவிடும். அதனால்தான் காற்று மாசு என்றதும் இருமலை மட்டும் நினைக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் வெளிக்காற்று மாசினால் அகால மரணம் அடைந்தவர்கள் 42 லட்சம் பேர். அதில் பெரும்பகுதி இதய நோயும் பக்கவாதமும்தான். 2013-ல் இந்த மாசை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

புகைமூட்டத்தைப் பற்றி நம்ம நாட்டு இளைஞருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 1997-ல் கூச்சிங்கில் குறியீடு 800-ஐத் தாண்டியது. 2013 ஜூனில் மூவாரில் 746 ஆனது, அவசரநிலை அறிவித்தார்கள். 2019-ல் பள்ளிகளை மூடினார்கள். ஒன்றை மட்டும் கவனிங்க. பி.எம். 2.5-க்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுவது. காலையில் புகை திடீரென்று அடர்த்தியானால் எண் உடனே ஏறாது. எண் 90-தானே என்று பந்து விளையாடப் போகிறவர்கள், எதிரே இருக்கும் குன்று கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் ஒரு தடவை பார்க்கணும்.

ஆனால் நம்ம மலையின் கதை புகைமூட்டத்தோடு முடிவதில்லை. இங்கே தேயிலை இருக்கு, அதைவிட நெருக்கமாகக் காய்கறித் தோட்டங்களும் பூத்தோட்டங்களும் இருக்கு. எல்லாவற்றிலும் மருந்து அடிக்கிறாங்க.

எங்க பாட்டி ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவங்க. முதுகில் பம்பைச் சுமந்து, காலில் செருப்போடு, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு போவாங்களாம். என்ன மருந்து என்று கேட்டால் இன்றைக்கும் "புல்லு மருந்துதான்பா" என்பார். டப்பாவில் எழுதியிருந்ததை அவர் படித்ததில்லை, யாரும் படித்துக் காட்டவும் இல்லை. அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமாம். உடம்புச் சூடு என்று மோர் குடிப்பாராம். விரல் நகங்கள் வெளுத்து, இரண்டு நகம் விழுந்தே போச்சு. வேலை முடிந்து அதே சேலையோடு வந்துதான் கைக்குழந்தையாக இருந்த எங்க அப்பாவைத் தூக்கிப் பால் கொடுத்திருக்காங்க.

பாட்டி அடித்தது எது என்று எந்தத் தாளும் இல்லை. ஆனால் மலேசியத் தோட்டங்களில் புல்லுக்குப் பல வருஷம் அடித்த பாராகுவாட் என்ற மருந்தின் அறிகுறிகளில் மூக்கில் ரத்தம் வடிவதும் நகம் கெடுவதும் உண்டு. மேலே சொன்ன அளவுக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்க. பம்பில் இருந்து வரும் துளிகள் பெரும்பாலும் பெரியவை. அவை காற்றறை வரை போகாமல் மூக்கிலேயே படியும். அங்கேயுள்ள மெல்லிய தோலை அரிக்கும். கலக்காத மருந்து கையில் பட்டால் நகம் போகும். காயம்பட்ட தோல் வழியாக அது உடம்புக்குள்ளும் நுழையும். நுழைந்த பிறகு அது தேடிப் போகும் இடம் நுரையீரல்தான். உடம்புக்குத் தேவையான பாலியமின் என்ற பொருளின் சாயலில் பாராகுவாட் இருப்பதால், நுரையீரல் செல்கள் அதைத் தாங்களே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து செல்களைச் சிதைக்கிறது, நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. இதற்கு முறிமருந்து கிடையாது.

2002-ல் ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைச் சந்தித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே வருஷம் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-ல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1-ல். பதினெட்டு வருஷம்! அந்த இடைவெளியில் பம்பு சுமந்தவர்களில் நம்ம வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே எனக்குக் கோபம்தான் வருகிறது.

மலைக்கே உரிய இன்னொரு விஷயம், மூடுபனி. விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிடும், மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடு. ஒரு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். புகையும் மருந்துத் துளியும் மேலே போக வழியில்லை. பனித்துளி உருவாகவே ஒரு துகள் வேண்டும். உருவான பிறகு சுற்றியுள்ள இரசாயன ஆவியையும் அது கரைத்துக்கொள்ளும். அமெரிக்க ஆய்வாளர்கள் மூடுபனியைச் சேகரித்துச் சோதித்து 1987-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதில் பலவகைப் பூச்சிக்கொல்லிகள் இருந்தன. ஆகவே பனி இறங்கியிருக்கும், காற்றே இல்லாத விடியற்காலை மருந்தடிக்க நல்ல நேரம் என்பது தப்பு. துளிகள் அங்கேயே தொங்கும். பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற பிள்ளைகள் அதற்குள்தான் நடந்து போகணும்.

தமிழ்நாட்டுக் கொடைக்கானலும் இப்படிச் சுத்தமான மலை என்று பேர் வாங்கியதுதான். அங்கே இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரச மாசு வெளிப்பட்டதால் 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது.

நம்ம வீட்டுக்குள்ளும் வருவோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே சுருள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு பி.எம். 2.5 விடுகிறது என்று தெரிந்தது. சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் இதே வகைத் துகள்தான். பூஜையை விடச் சொல்லவில்லை, நானும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவன்தான். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போடுவேன். மூச்சு வாங்கும் தாத்தாவும் கைக்குழந்தையும் அந்த நேரம் அடுத்த அறையில் இருப்பாங்க.

விடுமுறையில் காய்கறித் தோட்டத்தில் பகுதிநேர வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு: நனைந்த துண்டு பெரிய துளியைக் கொஞ்சம் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. என்95 கவசம் முகத்தோடு ஒட்டி இருந்தால் துகளைத் தடுக்கும், ஆனால் மருந்தின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள கவசம்தான் வேணும், அதை முதலாளிகிட்ட கேட்டு வாங்குங்க. வேலைத் துணியை வீட்டுத் துணியோடு போட்டுத் துவைக்காதீங்க, குளிச்சிட்டுப் பிள்ளையைத் தூக்குங்க. கலக்கும் முன்னே லேபலைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைங்க. மயக்கமோ வாந்தியோ வந்தால் கிளினிக்கில் முதலில் கேட்கப் போவது மருந்தின் பெயரைத்தான். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தை மருத்துவர் அழைத்தாலும், அவர்களும் முதலில் கேட்பது அதே பெயரைத்தான்.