இணையம் மெதுவாக வருகிறதா? கிணற்றை ஆழமாக்குமுன் வாய்க்காலைப் பாருங்கள்



1990களில் எமது குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாதிருந்த ஆண்டுகளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பிரிந்துபோன உறவினர் எங்கே இருக்கிறார்கள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் விசாரித்தோம். இன்று நிலைமை வேறு. மீள்குடியேறிய வீடுகளிலும், இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் வாழும் குடும்பங்களிடமும் சிம் அட்டை போட்ட ஒரு சிறிய ரவுட்டர் பெட்டி இருக்கிறது. தெருவிலிருந்து கம்பி இழுக்கத் தேவையில்லை. அருகிலுள்ள கோபுரத்திலிருந்து வானலை வழியாக இணையம் வருகிறது.

பெட்டி வந்துவிட்டது, ஆனால் பக்கம் திறப்பதில்லை. இதுவே நாம் போகுமிடமெல்லாம் கேட்கும் முறைப்பாடு. இதற்குக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இம்முறை எமது பாடம்.

ஒரு வீட்டில் நாம் கண்டது

வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய ஒரு தோட்டக்காரக் குடும்பம். மகள் க.பொ.த. உயர்தரம் படிக்கிறாள். இணையவழி வகுப்பின் பாடக்குறிப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே இருட்டிய பின் தம்பியையும் கூட்டிக்கொண்டு சந்திக்குப் போய், தெருவிளக்கின் கீழ் நின்று கைத்தொலைபேசியில் பார்ப்பாள். பிள்ளைகள் திரும்பி வரும்வரை தாய் படலையடியில் நிற்பார். தகப்பனோ, இதைவிடப் பெரிய பக்கேஜ் எடுப்பதென்று தீர்மானித்து, விதைவெங்காயத்துக்கு வைத்திருந்த காசிலிருந்து கொஞ்சத்தை ஒதுக்கியிருந்தார்.

"பெட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"எலி வயரைக் கடிக்குது, பிள்ளையளும் தட்டி விழுத்துவினம் எண்டு அலுமாரிக்குள்ள வச்சனான்" என்றார் தாய்.

அது இரும்பு அலுமாரி. மேலே தகரக் கூரை. வானலை இரும்பையும் தகரத்தையும் ஊடுருவிச் செல்லாது, பட்டுத் திரும்பிவிடும். பெட்டியை வெளியே எடுத்து, தெருப்பக்க யன்னல் மேல் ஒரு தட்டில் வைத்தோம். ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்த பக்கம் சில வினாடிகளில் திறந்தது. விதைவெங்காயக் காசு விதைக்கே போயிற்று.

எல்லா வீட்டிலும் இவ்வளவு இலகுவாக முடியாது. ஆனால் ஒழுங்காகத் தேடினால் காரணத்தைக் கண்டுகொள்ளலாம். பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றவுடன் எந்த விவசாயியும் கிணற்றை ஆழமாக்க ஆள் பிடிப்பதில்லை. முதலில் வாய்க்கால் எங்கே உடைத்துக்கொண்டது என்று பார்ப்பார். இங்கும் அதே முறைதான்.

தண்ணீர் வரும் வழி

கோபுரம்தான் கிணறு. ரவுட்டர் பெட்டி நீரிறைக்கும் இயந்திரம். பெட்டியிலிருந்து வீட்டுக்குள் பரவும் வை-பை வாய்க்கால். உங்கள் கைத்தொலைபேசி அல்லது கணினி பாத்தி. இந்த நான்கில் எங்கே கோளாறு என்று தெரியாமல் செலவு செய்வது வீண்.

பக்கத்தின் பாரத்தையும் அறிந்திருக்க வேண்டும். இன்று ஒரு சாதாரண இணையப் பக்கம் படங்கள், விளம்பரங்கள், நிரல்கள் எல்லாம் சேர்ந்து 2 மெகாபைட்டுக்குக் குறையாது. அதாவது 16 மெகாபிட். வேகம் வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் அது வந்து சேர 2 வினாடி. 1 மெகாபிட் என்றால் 16 வினாடி. மாத அளவு முடிந்தபின் சில பக்கேஜ்களில் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடுவார்கள். அது 64 கிலோபிட்டுக்கு இறங்கினால் அதே பக்கத்துக்கு 4 நிமிடத்துக்கு மேல் வேண்டும். ஆகவே முதல் வேலை, மாத அளவு மீதி இருக்கிறதா என்று பார்ப்பதே. மீதி இல்லையென்றால் மற்றச் சோதனைகளால் பயனில்லை.

நான்கு சோதனைகள்

ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். திகதி, நேரம், இடம், கண்டது என நான்கு நிரல்கள் போடுங்கள். ஒரே பக்கத்தையே ஒவ்வொரு முறையும் திறந்து, எத்தனை வினாடி எடுத்தது என எழுதுங்கள். முன்பு திறந்த பக்கத்தைத் தொலைபேசி தனக்குள் சேமித்து வைத்திருக்கும். ஆதலால் உலாவியின் சேமிப்பை அழித்துவிட்டுத் திறந்தால்தான் உண்மையான கணக்கு வரும். வேகம் அளக்கும் செயலிகளும் உண்டு. அவை டேட்டாவை அதிகம் குடிக்கும் என்பதால் அளவோடு பயன்படுத்துங்கள்.

முதலாவது: வேறொரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மெதுவாக இருந்து மற்றவை விரைவாக வந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. பரீட்சை முடிவு வெளியாகும் நாளிலும், விண்ணப்ப முடிவுத் திகதியிலும் இப்படி நடப்பதுண்டு. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப் போடாதிருப்பதே மருந்து.

இரண்டாவது: வேறொரு கைத்தொலைபேசியில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் மெதுவென்றால் கோளாறு பாத்தியில்.

மூன்றாவது: பெட்டிக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்று பாருங்கள், பின்பு குசினியில் நின்று பாருங்கள். கிட்ட விரைவு, எட்ட மெது என்றால் கோளாறு வாய்க்காலில்.

நான்காவது: விடிய 5 மணிக்கும் இரவு 8 மணிக்கும் பெட்டிக்குக் கிட்ட நின்றே பாருங்கள். விடிய விரைவு, இரவு மெது என்றால் கிணற்றில் நெரிசல். இரண்டு நேரமும் மெதுவென்றால், பெட்டிக்குக் கோபுரம் சரியாக எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம்.

பாத்தியைத் திருத்துதல்

பழைய தொலைபேசியில் இடம் நிரம்பியிருந்தால் பக்கம் வந்தும் திறக்கத் தாமதிக்கும். தேவையற்ற காணொளிகளை அழியுங்கள். செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும், வட்ஸ்அப் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதையும், படங்கள் தாமாக மேலேறிச் சேமிக்கப்படுவதையும் நிறுத்திவையுங்கள். நீங்கள் ஒரு பக்கத்துக்குக் காத்திருக்கும்போது, பக்கத்து அறையிலுள்ள தொலைபேசி யாரும் அறியாமல் தண்ணீரை மறித்துத் தன் பாத்திக்குப் பாய்ச்சிக்கொண்டிருக்கும். ஒப்பேரா மினி போன்ற உலாவிகள் பக்கத்தைச் சுருக்கிக் கொண்டுவருவதால் குறைந்த வேகத்திலும் வாசிக்க உதவும்.

வாய்க்காலைத் திருத்துதல்

வை-பை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹேட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹேட்ஸ் கூடிய வேகம் தரும். ஆனால் ஓரிரு சுவருக்கு அப்பால் சோர்ந்துவிடும். பெட்டியில் இரண்டும் இருந்தால், கிட்ட இருந்து படிக்கும் பிள்ளைக்கு 5, விறாந்தையில் இருப்பவருக்கு 2.4 என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டி, இரும்பு அலுமாரி, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றின் பின்னால் பெட்டியை வைக்காதீர்கள்.

கடவுச்சொல் எத்தனை பேரிடம் போயிருக்கிறது என்றும் பாருங்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுப்பது நல்ல காரியம். நேரத்தைப் பேசி ஒழுங்கு செய்துகொண்டால் இரு வீட்டுக்கும் மனக்கசப்பு வராது.

இயந்திரத்தை வைக்கும் இடம்

கம்பியில்லா இணையத்தில் பெரும்பாலான கோளாறு இங்கேதான். குடாநாட்டில் மலை இல்லை, தரை மட்டமானது. எமக்கு மறைப்பு மரக்கூடலும், சீமெந்துச் சுவரும், தகரமும்தான். முன்னொரு காலத்தில் ஒருவர் கூரையில் ஏறி ரி.வி. அன்ரனாவைத் திருப்ப, மற்றவர் கீழே நின்று "வந்திட்டுது, வந்திட்டுது, அப்பிடியே விடு" என்று கத்தியது நினைவிருக்கிறதா? அதே வேலைதான்.

பெட்டியின் அடியிலுள்ள தாளில் 192.168.1.1 போன்ற ஓர் எண் இருக்கும். வை-பையில் இணைந்தபடி அதை உலாவியில் தட்டச்சு செய்தால் பெட்டியின் சொந்தப் பக்கம் திறக்கும். அதில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற அளவைத் தேடுங்கள். அது கோபுரத்தின் அலை எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பதைக் காட்டும். அது எப்போதும் கழித்தல் குறியுடன் வரும். கடனைப் போல நினைத்துக்கொள்ளுங்கள்: 110 கடனைவிட 85 கடன் நல்லது. −90 அல்லது அதைவிடக் குறைந்த கடன் நல்லது. −100 அளவில் சுமார். −110ஐத் தாண்டினால் மோசம். எஸ்.ஐ.என்.ஆர். என்பது அலை எவ்வளவு தெளிவு என்பதற்கான அளவு. இது கூடக் கூட நல்லது. 13க்கு மேல் நன்று, 0க்குக் கீழே போனால் பக்கம் திணறும்.

பெட்டியை ஒவ்வொரு யன்னலாக வைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, இரண்டு எண்களையும் கொப்பியில் எழுதுங்கள். உயரத்திலும் வைத்துப் பாருங்கள். ஆனால் தகரத்துக்கு நெருங்கி வேண்டாம். மதிய வெக்கையில் பெட்டி சூடேறி வேலை குழம்பும். எந்த யன்னலும் உதவாவிட்டால் மாத்திரம், வெளியே பொருத்தும் அன்ரனா பற்றி யோசியுங்கள். அதற்கு உங்கள் பெட்டியில் இணைப்புத் துளை இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

வீடு மாறும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. சில பக்கேஜ்கள் பதிந்த இடத்துக்கு வெளியே வேலை செய்யா. இடம் மாறினால் நிறுவனத்துக்கு அறிவித்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

விதானையாரிடம் விசாரித்தல்

வேக அளவு நன்றாக இருக்கிறது. ஆனாலும் பக்கம் தொடங்கவே நேரம் எடுக்கிறது, தொடங்கியபின் கடகடவென்று வந்துவிடுகிறது. இப்படியானால் கோளாறு வேறிடத்தில் இருக்கலாம். ஊருக்குப் புதிதாக வருபவர் விதானையாரிடம் வீடு கேட்பது போல, நீங்கள் பக்கத்தின் பெயரைத் தட்டியதும் தொலைபேசி முதலில் ஒரு பெயர்ப்பதிவேட்டிடம் அதன் எண் முகவரியைக் கேட்கிறது. இதற்கு டி.என்.எஸ். என்று பெயர். ஒரே பக்கம் விளம்பரத்தையும் படத்தையும் பல இடங்களிலிருந்து எடுப்பதால் பல தடவை கேட்க வேண்டியிருக்கும். பதில் தாமதித்தால் எல்லாம் தாமதிக்கும்.

முதலில் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் விட்டு மீண்டும் போடுங்கள். சரிவராவிட்டால், தெரிந்த இளையவர் ஒருவரின் உதவியுடன் பெட்டியின் பக்கத்தில் டி.என்.எஸ். எண்ணை மாற்றிப் பார்க்கலாம். கூகிள் நிறுவனத்தின் 8.8.8.8, கிளவுட்பிளேயர் நிறுவனத்தின் 1.1.1.1 ஆகியவை இலவசமானவை. பழைய எண்ணை எழுதி வைத்துவிட்டு மாற்றுங்கள்.

பங்குக் கிணறு

பல வீட்டுக்குப் பொதுவான பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பது எமது வழக்கம். கோபுரமும் பங்குக் கிணறே. மாலை 7 மணிக்குப்பின் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் இறைக்கிறது. அங்கே நீங்கள் பெரிய பக்கேஜ் எடுத்தாலும் தண்ணீர் கூடாது. பாடக்குறிப்புகளை விடியற்காலையில் இறக்கி வைத்து, மாலையில் இணையம் இல்லாமல் படிக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் மின்கலமும் இறங்கிவிடும். 2022இல் நாம் இதை நன்றாக அனுபவித்தோம்.

எல்லாம் பார்த்தும் திருந்தாவிட்டால், கொப்பியுடன் நிறுவனத்துடன் பேசுங்கள். "மெதுவாக இருக்கிறது" என்பதைவிட, "இன்ன திகதி, இன்ன நேரம், ஆர்.எஸ்.ஆர்.பி. இவ்வளவு, பக்கம் திறக்க இத்தனை வினாடி" என்பது பலமான பேச்சு. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். அங்கும் பதில் கிடைக்காவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தனி வீடாகப் போகாமல், சனசமூக நிலையத்தில் கூடி, பத்து வீட்டுக் கொப்பிகளை ஒன்றுசேர்த்து ஒரே கடிதமாக அனுப்புங்கள்.

இடம்பெயர்ந்த எமக்கு இணையம் ஆடம்பரம் அல்ல. பிள்ளையின் படிப்பும், தூரத்து உறவின் முகமும், சந்தை விலையும், மழைச் செய்தியும் அதன் வழியே வருகின்றன. அதற்காகக் காசு கொடுக்கிறோம். கொடுத்த காசுக்குரிய தண்ணீர் பாத்திக்கு வந்து சேருகிறதா என்று பார்ப்பது எமது உரிமை. வாய்க்காலைக் காப்பது எமது பொறுப்பு.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டில் ரவுட்டர் எங்கே இருக்கிறது? அந்த இடத்தை ஏன் தெரிவுசெய்தீர்கள்?

2. நான்கு சோதனைகளையும் ஒரு கிழமை செய்து, உங்கள் வீட்டுக் கோளாறு கிணற்றிலா, இயந்திரத்திலா, வாய்க்காலிலா, பாத்தியிலா என்று கூறுங்கள்.

3. இருட்டிய பின் அலை தேடி வெளியே போகும் பிள்ளைகள் உங்கள் ஊரில் உண்டா? அவர்கள் பயமின்றி இருந்து படிக்க எந்த வீட்டு விறாந்தையை, எந்த நேரம் ஒதுக்கலாம்?