குதிரையில் இரண்டு கூடை

எட்மன்டன்
வைகாசி 28

அன்புள்ள பிள்ளை,

நேற்று நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. கம்லூப்ஸில் மருமகனுக்கு வேலை கிடைத்தது சந்தோஷம்தான். நாலு மாத வயிற்றோடு, ரொறன்ரோவில் தாய் தகப்பனை விட்டுவிட்டு, தெரிந்த முகம் ஒன்றுமில்லாத ஊருக்குப் போக நீ பயப்படுவதும் நியாயம். எனக்குச் சுருக்கென்று தைத்தது வேறொன்று. ஆம்ஸ்ட்ரோங்கில் நிற்கிற கத்தரீன் ஷூபர்ட்டின் நினைவுக்கல்லின் படத்தை மருமகன் அனுப்பி, "இந்த மனுசி வயிற்றுப் பிள்ளையோடு ரொக்கி மலையைக் கடந்தவ, உமக்கு அஞ்சு மணித்தியாலப் பிளேன்" என்று எழுதினாராமே. பகிடிக்குத்தான் எழுதியிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு நீ வாய் திறக்கவில்லை என்றாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மனுசியின் கதை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லில் உள்ளது பாதிதான். மிச்சத்தை நான் எழுதுகிறேன், நீ மருமகனுக்கு வாசித்துக் காட்டு.

கத்தரீன் ஓஹேர் 1835இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில், ரத்ஃபிரைலண்ட் என்ற ஊரில் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதாகும்போது உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகி, கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிடக் கூடுதலானவர்கள் கப்பலேறினார்கள். இவரும் பதினாறு வயதளவில் அமெரிக்காவுக்கு வந்து, மசாசூசெட்ஸில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். 1855இல் அகஸ்டஸ் ஷூபர்ட் என்ற ஜெர்மன் தச்சரைக் கட்டி, மினசோட்டாவில் கொஞ்சக் காலம், பிறகு கேரி கோட்டைப் பக்கம் கொஞ்சக் காலம் இருந்தார். அந்தக் கோட்டை இருந்த இடம்தான் இப்போது வினிப்பெக். ஆக, மலைக்கு வருமுன்னரே மூன்று தரம் வீடு மாறிய கைகள் அவை.

1862இல் மேற்கே கரிபூ என்ற இடத்தில் தங்கம் என்று, அங்கே போக நூற்றைம்பது ஆண்கள் அளவில் கேரி கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். தலைவர் தோமஸ் மக்மிக்கிங். பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது அவர்களின் ஏற்பாடு. அகஸ்டஸ் தனியப் போயிருக்கலாம். மனுசிதான் விடவில்லை. மூன்று பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு தானும் வெளிக்கிட்டார், வயிற்றில் நாலாவது இருப்பதைச் சொல்லாமலே வெளிக்கிட்டார் என்பார்கள். இதைக் கவனி பிள்ளை. அவரை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. நானும் வருவேன் என்று அவர் வாய் திறந்து சொன்ன சொல்லில்தான் அந்தப் பயணமே தொடங்குகிறது. அந்தக் கதையை உன் வாயை மூடப் பாவிப்பது அநியாயமல்லவா?

ஆனி மாதத் தொடக்கத்தில் மாட்டுவண்டிகளில் புறப்பட்டார்கள். நம்மூர் வண்டி என்று நினைத்துவிடாதே. அச்சு, சில்லு எல்லாமே மரம், இரும்பே கிடையாது. நாங்கள் வண்டி மை பூசுவோம். அவர்கள் பூசுவதில்லை, பூசினால் புல்வெளித் தூசு ஒட்டி அச்சைத் தின்றுவிடும். அதனால் சில்லு சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச். தொண்ணூறுக்கு மேற்பட்ட வண்டிகள் நாள் முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டு போவதை நினைத்துப் பார். வயிற்றுப் பிள்ளையோடு அந்தச் சத்தத்துக்குள் கிழமைக் கணக்காக இருந்திருக்கிறார்!

ஆடியில் எட்மன்டன் வந்தார்கள். அந்தக் கோட்டை இருந்த இடம் இப்போதைய சட்டசபைக் கட்டடத்தடி, நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரம். இனி மேலே காடு, வண்டி போகாது. வண்டிகளை விட்டுவிட்டுப் பொதிக் குதிரைகள் எடுத்தார்கள். கத்தரீனின் குதிரையில் இருபக்கமும் இரண்டு கூடை கட்டி, மூத்த பிள்ளைகள் ஆளுக்கொரு கூடைக்குள். கூடைகள் இரண்டும் ஒரு பாரமாக இல்லாவிட்டால் சேணம் ஒரு பக்கம் சரியும். பிள்ளை பெற்றவள் எவளுக்கும் இது விளங்கும். வீரம் என்று பெரிதாக எழுதுகிறார்கள். எனக்கென்றால் அந்தக் கூடைகளைச் சரி பார்க்கிற கைதான் கண்ணில் நிற்கிறது.

யெலோஹெட் கணவாயைத் தாண்டி டெட் ஜோன் கேச் என்ற இடத்துக்கு வந்தபோது சாப்பாடு முடிகிற கட்டம். அங்கே அவர்களைக் காப்பாற்றியது துப்பாக்கியுமில்லை, துணிவுமில்லை. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான செக்வெபெம் மக்கள். ஊசி, நூல், சட்டை என்று கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டு அவர்களிடம் காய்ந்த சால்மன் மீனும், பழத்தை உலர்த்தித் தட்டிய அடையும் வாங்கித் தின்றார்கள். பிறகு கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பெரும்பான்மை ஃபிரேசர் ஆற்றோடு தெப்பத்தில் போனது. ஷூபர்ட் குடும்பமும் இன்னும் கொஞ்சப் பேரும் தெற்கே, வட தொம்சன் ஆற்றுக்கு. காடு வெட்டி, மாடுகளை அடித்து இறைச்சி காயவைத்து, தெப்பம் கட்டி இறங்கினார்கள். இரண்டு ஆற்றிலும் உயிர்கள் போயின.

அந்த ஆற்றங்கரையில் ஆளில்லாத ஊர்களைக் கண்டார்கள். அந்த வருடம் விக்டோரியாவில் கப்பலால் வந்திறங்கிய அம்மை, உள்நாட்டுக்குள் ஏறி ஊரூராய்ச் சனத்தைத் தின்றிருந்தது. செத்தவர்களின் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிடந்தது. பசியில் தோண்டித் தின்றார்கள். உருளைக்கிழங்கு அழுகியதால் ஊரை விட்டவர், நட்டவர்கள் செத்துப்போன தோட்டத்து உருளைக்கிழங்கால் உயிர் தப்பினார். அந்த நேரம் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? நானும் இன்னொருவர் மண்ணில் வந்து குடியிருப்பவள்தான். இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டைக்குள் ஏதோ அடைக்கும்.

கம்லூப்ஸ் கோட்டைக்கு வந்து சேர்ந்த கையோடு நோ கண்டது. ஐப்பசி 14இல் பெண் குழந்தை, பெயர் ரோஸ். கடைசி நாட்களில் காட்டு ரோசாக் காயைத் தின்று வந்ததால் அந்தப் பெயர் என்றொரு கதையும் உண்டு. பிள்ளையைப் பிடித்தது செக்வெபெம் பெண். அந்தப் பெண்ணின் பெயரை நான் எந்தக் கல்லிலும் காணவில்லை.

தங்கம்? அகஸ்டஸ் வருடக்கணக்காகத் தேடி அலைந்தார், பணக்காரராகவில்லை. லிலூவெற்றில் பிள்ளைகளை வளர்த்ததும், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதும், பிறகு கேச் கிரீக் விடுதிப் பள்ளியில் பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதும் கத்தரீன்தான். ஆம்ஸ்ட்ரோங் பக்கத்துத் தோட்டத்தில் இருவரும் நிம்மதியாக இருந்தது பின்னாளில். 1908இல் அகஸ்டஸ் போய்விட்டார். மனுசி 1918 ஆடியில், 83 வயதில் கண்ணை மூடினார். அதற்கு மூன்று வருடம் முன்னரே, 1915இல், அதே கணவாய்க்குள்ளால், அதே வட தொம்சன் கரையால் தண்டவாளம் போட்டு முடித்துவிட்டார்கள். கூடை கட்டிப் போன வழியில் ஆட்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு போகிற காலத்தையும் அவர் கண்டுவிட்டுத்தான் போனார்.

இனி உன் விஷயம். போவதா விடுவதா என்பதை நான் சொல்ல மாட்டேன். போவதென்றால் நீ விரும்பிப் போ. போகுமுன் அங்கே உன்னைப் பார்க்கப்போகிற டொக்டர் யார், பிள்ளைப்பேற்று நேரம் பக்கத்தில் யார் என்று மருமகனைக் கேட்டு எழுதி வை. கார் லைசென்ஸை இப்போதே எடு. அந்த ஊரில் அது கால் மாதிரி. எல்லாவற்றையும்விட, கேட்பதற்குக் கூச்சப்படாதே.

நானும் கூச்சப்பட்டவள்தான். 1987 மார்கழியில் இங்கே மூத்தவன் வயிற்றில் இருக்க, உன் பெரியப்பா இரவு வேலைக்குப் போய்விட, மூன்று கிழமை நான் யாரோடும் கதைக்காமல் சோறும் பருப்புமாய் அறைக்குள் கிடந்தேன். பக்கத்து உக்ரேனியக் கிழவி தானாகவே கதவைத் தட்டினாள். கையில் சட்டி நிறைய இரத்தச் சிவப்பாய் ஒரு சூப். பயந்து பின்னால் போனேன். பீட்றூட் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் தட்டாவிட்டால் நானாகத் தட்டியிருக்க மாட்டேன். அந்த மூன்று கிழமையை வீரம் என்று என் மக்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அது வீரமில்லை பிள்ளை, வீம்பு.

உனக்கும் ஐப்பசிதானே கணக்கு. புரட்டாதிக் கடைசியில் நான் ரயிலில் வந்துவிடுவேன். அந்த ரயில் எப்போதும் பிந்தித்தான் வரும், மருமகனைப் பொறுமையாய் ஸ்டேஷனில் நிற்கச் சொல்லு. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற கறிக்குச் சரக்குத் தூள் இடித்துக் கொண்டுவருகிறேன். பால்சுறா அங்கே கிடைக்குமோ தெரியாது. கிடைக்காவிட்டால் சால்மனில் சரக்குக் கறி வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
பெரியம்மா