வேப்பமர நிழலில் வட்ட வெயில்

கேள்வி: காலை ஒன்பது மணிக்கு, வெயில் ஏறியதும் எங்கள் தெருவைச் சுற்றி நடப்பேன். வேப்பமர நிழலில் வெயில் வட்ட வட்டமாகக் கிடக்கிறது. இலை இடுக்கு எதுவும் வட்டமில்லையே, வெயில் மட்டும் எப்படி வட்டமாகிறது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, குனிந்து பார்த்து நடக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய நூலொன்றிலேயே இது இருக்கிறது. கெப்ளர் இதற்கு விளக்கம் எழுதி வெளியிட்டது 1604-இல். ஆகவே இத்தனை நாள் புரியவில்லையே என்று வருந்தாதீர்கள்!

‘சின்னத் துளையில் நுழையும் ஒளி வளைந்து வட்டமாகிவிடும்’ என்று பலர் சொல்வார்கள். ஒளி ஓரங்களில் சற்றே வளைவது உண்மைதான். அதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். ஆனால் இலை இடுக்கில் அது கண்ணுக்கே தெரியாது.

ஓர் அட்டையில் மிளகளவு முக்கோணத் துளை போடுங்கள். உச்சி வெயிலில் தரைக்கு அருகே பிடித்தால் வெளிச்சமும் முக்கோணம். தலைக்கு மேலே தூக்கினால் முனைகள் மழுங்கி வட்டமாகிவிடும். துளை மாறவில்லை, தூரம்தான் மாறியது.

சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டத் தட்டு. அதன் ஒவ்வொரு புள்ளியும் துளை வழியே ஒரு குட்டி முக்கோணத்தைத் தரையில் போடுகிறது. கிட்டத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக விழும். தூரம் கூடக்கூட விலகி, சூரியனின் வட்டத்துக்குள்ளேயே பரவும். வட்டத் தாம்பாளம் நிறையக் குட்டிச் சமோசாக்களை நெருக்கி அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், வட்டம்தான் தெரியும். ஆக, உங்கள் காலடியில் கிடப்பது சூரியனின் படம். லென்ஸ் இல்லாமல் ஒரு துளையால் படம் விழவைக்கும் ஊசித்துளைக் காமிராவின் வேலையை வேம்பு செய்கிறது. கிளை முறிந்த பெரிய இடைவெளியில் இது நடக்காது.

சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில். குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். தூரம் குறுக்களவைப் போல ஏறக்குறைய 107 மடங்கு. அதே கணக்குதான் தரையிலும்: இடுக்கு 5 மீட்டர் தூரத்தில் இருந்தால் படத்தின் அகலம் 4.7 சென்டிமீட்டர். ஒன்பது மணி வெயில் சாய்வாக விழுவதால் படம் முட்டை போல நீண்டிருக்கும்; குறுகிய பக்கத்தை அளந்துகொள்ளுங்கள்.

2019 டிசம்பர் 26 அன்று உங்கள் ஊரில் வளையச் சூரிய கிரகணம், அதாவது நிலா நடுவை மறைத்து ஓரத்தை மட்டும் விட்டுவைப்பது. ஒன்பதரை வாக்கில், நீங்கள் நடக்கிற நேரத்தில்தான், மர நிழலெங்கும் வளையல் வளையலாக வெயில் விழுந்தது. கிரகணம் என்று உங்களை வீட்டில் வெளியே விட்டார்களோ என்னவோ! 2027 ஆகஸ்ட் 2 மாலை நம் பக்கம் பகுதிச் சூரிய கிரகணம் தெரியும். அண்ணாந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், மர நிழல் விழும் சுவரைப் பாருங்கள்.