சிற்பியும் தம்மமும்



நாள்தோறும் நாம் விளக்கேற்றி, மலர் வைத்து, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுகின்றோம். அவ்வேளை நம் கண்முன் வீற்றிருப்பது பகவான் புத்தரின் திருவுருவம். பொருள் உதவியவர் பெயர் பீடத்தில் இருக்கும். திறந்து வைத்தவர் பெயர் சலவைக்கல்லில் இருக்கும். அவ்வுருவைச் செய்தவர் பெயரோ பெரும்பாலும் எங்கும் இராது. ஒரு சமுதாயத்தின் கலையிலும் பண்பாட்டிலும் அவருக்குரிய இடம் யாது என்பதே இன்றைய பாடம்.

நாகப்பட்டினத்து உலோகத் தொழிலாளர்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தலைநகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரைக் கேட்கும் பௌத்தருக்குக் கடலுக்கு அப்பால் விளங்கிய ஸ்ரீவிஜயம் என்னும் பழைய பௌத்த அரசு நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்வரசின் மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விஹாரத்தை எழுப்பினர். அதற்கு 1006ஆம் ஆண்டையொட்டி இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அவன் மைந்தன் இராஜேந்திரனோ 1025ஆம் ஆண்டையொட்டி அதே ஸ்ரீவிஜயத்தின்மேல் கப்பற்படை செலுத்தினான். அவன் வென்றவையாகத் தஞ்சைக் கல்வெட்டு கூறும் இடங்களுள் மாநக்கவாரமும் ஒன்று. அதுவே நிக்கோபார்.

மன்னர் நட்புக் கொண்டனர். பின் பகை கொண்டனர். விஹாரமும் அழிந்தது. எஞ்சியது எது? 1856ஆம் ஆண்டு முதலாக நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து வெளிப்பட்ட சுமார் 350 பௌத்தப் படிமங்களே. அவற்றுட் பல இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.

அப்படிமங்களுள் ஒன்று இக்காலத்தில் நியூயார்க்கில் ஆசியா சொசைட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பீடத்துத் தமிழ் எழுத்துக்கள் புத்தரை அக்கசாலைகளின் நாயகர் என்று போற்றுகின்றன. அக்கசாலைப் பெரும்பள்ளி என்றொரு பள்ளியையும் குறிக்கின்றன. அக்கசாலை என்பார் பொன் முதலிய உலோகங்களில் பணி செய்வோர். உலையருகே நின்று உழைத்தவர் தமக்கென ஒரு பெரும்பள்ளி கொண்டிருந்தனர். பகவானைத் தம் நாயகராகக் கொண்டனர். இதனை நாம் நெஞ்சில் எழுதிக் கொள்ளல் வேண்டும்.

உலோகப் படிமம் வார்க்கும் முறையும் ஒரு தம்ம பாடமே. முதலில் மெழுகினால் உருவம் அமைத்து, அதன்மேல் மண் பூசி உலர்த்துவர். நெருப்பிலிட, மெழுகு உருகி வழிந்து போம். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்து உருவை எடுப்பர். சிற்பி அரும்பாடுபட்டு விரலால் இழைத்த மெழுகுருவம் எங்கே? அது மறைந்ததனாலன்றோ திருவுருவம் தோன்றிற்று! அநித்தியம் என்பதை அவர் ஏட்டில் கற்கவில்லை, கையால் கற்றார்.

நிக்கோபார் மரச்சிற்பி

நடு நிக்கோபாரில் நான்கௌரி முதலிய தீவுகளின் மக்கள் மரத்தில் மனித உருவங்களையும் விலங்குருவங்களையும் செதுக்கி வந்தனர். வீட்டில் ஒருவர் நோயுற்றால், தீய ஆவிகளை விரட்டும் பொருட்டு அவற்றை நிறுத்துவது அவர்தம் மரபு. இதனை அறியாமை என்று சிலர் எள்ளுவர். அது தகாது. நோயாளியின் அச்சம் நீங்க வேண்டும் என்னும் இரக்கமே அவ்வுளியை நடத்தியது.

நம் சிற்பியும் அச்சம் நீக்கவே அபய முத்திரையுடன் பகவானைச் செதுக்குகின்றார். வேறுபாடு ஒன்றுண்டு. நம் திருவுருவம் நோயை விரட்டாது. வேண்டிய வரமும் தாராது. ‘அஞ்சற்க, உன் முயற்சியால் எழுக’ என்று குறிப்பு மட்டும் காட்டும். பழைய தெய்வங்களிடம் வரம் கேட்ட பழக்கத்தை விஹாரத்திற்குள் கொண்டு வருவோமாயின், சிற்பியின் கருத்தையும் இழப்போம். பகவானின் கருத்தையும் இழப்போம்.

கையை இகழாத தம்மம்

சாஞ்சியின் பழஞ்சிற்பங்களில் புத்தரின் மனித உருவம் இல்லை. போதி மரமும், தம்மச் சக்கரமும், வெற்று ஆசனமுமே அவரைக் குறித்தன. அங்குள்ள பெருந்தூபியின் தென்வாயிலில், விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர் செய்த சிற்ப வேலை என்று ஒரு கல்வெட்டு உண்டு. அமராவதியிலோ விதிகன் என்னும் தோல் தொழிலாளர், தாயும் மனைவியும் மக்களும் உடனாக, பூரண கும்பம் செதுக்கிய கற்பலகையைத் தானம் செய்தார். தம் தொழிலை அவர் மறைக்கவில்லை, கல்லிலேயே பொறித்தார். தோல் தொழிலை இழிவென்று சொல்லி நம் முன்னோரை ஊருக்குப் புறத்தே நிறுத்தியவர்க்கு இக்கல் ஒன்றே தக்க விடையாகும்.

யான் பஞ்சாலையில் பல்லாண்டு உழைத்தவன். நாங்கள் நெய்த துணியில் ஆலையின் முத்திரை இருந்தது. எங்கள் பெயர் இல்லை. அதனால் ஒரு நிகழ்ச்சி என் நெஞ்சைச் சுட்டது. ஓர் ஊரில் நம்மவர் விஹாரத் திறப்பு விழா. பொருள் தந்தவர்க்கெல்லாம் மாலை சூட்டினர். சிலை செய்த முதியவர் பந்தலின் ஓரத்தில் நின்றார். கடைசிப் பந்தியில் உண்டார். அவ்வூர்க்காரர் தீயவர் அல்லர். அது அவர்கள் நினைவில் வரவில்லை, அவ்வளவே. எனினும் செய்பொருளை வணங்கிச் செய்தவரை மறப்பதுதானே சாதியின் பழைய வழக்கம்? அதனைத் துறந்தன்றோ நாம் பௌத்தரானோம்! 1954ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் தேஹு ரோட்டில் ரங்கூனிலிருந்து வந்த புத்தர் உருவை நிறுவினார். நம் விஹாரங்கள் அவ்வழியில் எழுபவை. அவற்றில் இக்குறை இருத்தல் ஆகாது.

கடைப்பிடிக்கத் தக்கவை

1. விஹாரத்தில் சிலை நிறுவும்போது சிற்பியின் பெயரையும் ஊரையும் பீடத்தில் பொறிக்க. முதல் மாலை அவர்க்கே உரியதாகுக.

2. பேரம் பேசி அவர் கூலியைக் குறைத்தல் புண்ணியம் ஆகாது. அவர் தொழில் சம்மா ஆஜீவம் என்னும் நல்வாழ்வின்பாற்பட்டது.

3. சித்திரமோ சிற்பமோ வருகின்ற பிள்ளையை ‘கூலி வேலைதானே’ என்று தடுக்காதீர். நம் மக்களின் முகத்தையும் வரலாற்றையும் நாளைக்குக் காட்டப் போவது அக்கையே.

4. திருவுருவின்முன் அமரும்போது அதன் அமைதியைக் காண்க. அவ்வமைதியைத் தன் மனத்தில் முதலில் கண்டு பின் உருவில் வடித்தவரையும் நினைக்க.

அரசர் பெயர் செப்பேட்டில் நின்றது. தொழிலாளர் உழைப்போ பகவானின் திருமுகத்தில் நிற்கின்றது. அதனை மறவாதிருப்போமாக.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க. சாது! சாது! சாது!