தோழியின் ரகசியமும் அமானிதமும்



அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது ஒருநாள் வீடு திரும்பத் தாமதமாகிவிட்டது. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார் மகன். என்ன வேலை என்று கேட்டதற்கு, அது ரகசியம் என்றார். தாயார் கோபப்படவில்லை. அல்லாஹ்வின் தூதருடைய ரகசியத்தை யாரிடமும் சொல்லிவிடாதே என்று மகனுக்கே அறிவுறுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்தச் சம்பவத்தை நம் மக்தபில் ஓதும் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஒருவர் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றைச் சொன்னால் அது அமானிதம் என்ற ஹதீஸும் (அபூதாவூத், திர்மிதீ) அவர்களுக்குத் தெரியும்.

இப்படி வளர்ந்த பெண்பிள்ளையிடம் அவளுடைய உயிர்த்தோழி வந்து, "எனக்கு மூணு மாசமா நின்னுபோச்சு. அல்லாஹ்மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு" என்று அழுதால் அவள் என்ன செய்வாள்? சத்தியம்தான் செய்வாள்.

இது கற்பனைக் கேள்வி இல்லை. நம் டிரஸ்டின் பெண்கள் பிரிவுக்கு வந்த விஷயம். ஊரையோ வருடத்தையோ சொல்லமாட்டேன். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். இரு குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். யாராக இருக்கும் என்று யூகிக்கத் தோன்றினால் தயவுசெய்து அந்த யோசனையை இந்தப் பக்கத்தோடு விட்டுவிடுங்கள்.

இருவரும் பள்ளிக்கூடம் போகும் வயதினர். சிறு வயதிலிருந்தே ஒன்றாக ஓதியவர்கள். ஒருத்தி வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சினால் இன்னொருத்தி வீட்டுக்குத் தூக்குவாளி போகும். அப்படிப் பழக்கம். கர்ப்பத்துக்குக் காரணமானவன் வயதில் பெரியவன், வீட்டாரோடு நன்கு பழகியவன். இவ்வளவு போதும். இந்த மாதிரி விஷயங்களில் அந்தப் பெண் எங்கே போனாள், என்ன உடுத்தினாள், போனில் யாரோடு பேசினாள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஆளைப் பற்றி முதலில் கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சத்தியம் செய்த தோழி இரண்டு வாரம் அதைக் காப்பாற்றினாள். சரியாகச் சாப்பிடவில்லை, பாடத்தில் கவனமில்லை. பரீட்சை பயம் என்று வீட்டில் நினைத்தார்கள். அதற்குள் இரு பெண்களும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சேர்த்து வைத்த பெருநாள் காசை எடுத்துக்கொண்டு வெளியூர் மெடிக்கலில் மாத்திரை வாங்குவது. வாங்கும் பொறுப்பு தோழிக்கு. பஸ் ஏறிப் போனவள், கடைவாசல்வரை சென்றுவிட்டுத் திரும்பி வந்து, தனக்கு ஓதிக்கொடுத்த ஆலிமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அந்தத் திரும்புதல் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். கருக்கலைப்பு மாத்திரை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. எத்தனை வாரம், கரு கருப்பைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா, ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் வீட்டில் ஒளிந்து விழுங்கினால் ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கடுமையான ரத்தசோகை என்பது பிறகு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

சத்தியத்தை முறித்தது சரியா?

ஆலிமாவிடம் அந்தப் பிள்ளை முதலில் கேட்டது தோழியைப் பற்றி அல்ல. "நான் அல்லாஹ்மேல சத்தியம் பண்ணிட்டேனே, எனக்கு என்ன ஆகும்?" என்றுதான். நாம் கற்றுக்கொடுத்தது பாதியாக நின்றுவிட்டதை இந்தக் கேள்வி காட்டுகிறது. சத்தியத்தின் கனத்தைச் சொன்னோம். அதிலிருந்து வெளியே வர மார்க்கமே வைத்திருக்கும் வாசலைச் சொல்லவில்லை.

ஒன்றின்மீது சத்தியம் செய்தபின் அதைவிடச் சிறந்தது வேறொன்று என்று கண்டால், சிறந்ததைச் செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் கொடுக்கும்படி அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பரிகாரம் எதுவென்று அல்மாயிதா அத்தியாயத்தின் 89ஆம் வசனம் சொல்கிறது: 10 ஏழைகளுக்கு உணவு, அல்லது உடை, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்தல், முடியாதவருக்கு 3 நாள் நோன்பு. சொந்தமாகப் பணம் இல்லாத மாணவி என்பதால் ஆலிமா நோன்பு வைக்கச் சொன்னார்கள். ரமளான் இல்லாத மாதத்தில் மகள் மூன்று நாள் ஸஹருக்கு எழுவதைப் பார்த்து அவளுடைய அம்மா என்ன காரணம் என்று கேட்டிருக்கிறார்கள். "கடன் இருக்கு" என்று மட்டும் சொன்னாளாம்.

ஆலிமாவிடம் சொன்னது புறம் பேசியதாகாதா என்ற சந்தேகம் சிலருக்கு வரலாம். புறம் பேசுவது ஹராம் என்று கண்டிப்பாக எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களே ரியாளுஸ் ஸாலிஹீனில் பிறரைப் பற்றிப் பேச அனுமதியுள்ள 6 சந்தர்ப்பங்களைக் குறிப்பிடுகிறார்கள். அநீதிக்கு ஆளானவர் முறையிடுவது, ஒரு தீமையைத் தடுக்க முடிந்தவரிடம் உதவி தேடுவது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது மூன்றும் அவற்றில் அடங்கும். உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வதும், வகுப்பில் பத்துப் பேரிடம் கிசுகிசுப்பதும் ஒன்றல்ல. அனஸ் (ரலி) காத்த ரகசியத்தால் யாருக்கும் ஆபத்து இருக்கவில்லை. உயிருக்கு ஆபத்துள்ள ரகசியம் ஒரு பிள்ளையின் தலையில் மட்டும் இருக்கவே கூடாது.

ஆனால் கர்ப்பமான பெண் இதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "நீ என்னைக் காட்டிக் கொடுத்துட்ட" என்றாள். பல மாதம் தோழியோடு பேசவில்லை. அவள் நிலையிலிருந்து பார்த்தால் அந்தக் கோபத்தையும் குறை சொல்ல முடியாது.

தகப்பனாரின் சத்தியம்

இதற்குள் தோழியின் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. அவளுடைய அத்தா நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. இனிமேல் தன் மகள் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று அவரும் அல்லாஹ்மீது சத்தியம் செய்துவிட்டார். இதுவும் ஒட்டிக்கொள்ளும் நோய் என்பதுபோல.

அவரோடு பேசப் போனபோது நான் எடுத்துச் சொன்னது அபூபக்ர் (ரலி) அவர்களின் சத்தியத்தை. ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரப்பியவர்களில் மிஸ்தஹும் ஒருவர். அவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், ஏழை. அவர்கள் கொடுத்த உதவியில் வாழ்ந்தவர். மகளின் தூய்மையை அல்லாஹ்வே அறிவித்தபின், இனி மிஸ்தஹுக்கு ஒன்றும் தரமாட்டேன் என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். அப்போதுதான் அந்நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் இறங்கியது. வசதியுள்ளவர்கள் அப்படிச் சத்தியம் செய்யவேண்டாம், மன்னித்துவிடட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்பது அதன் கருத்து. அபூபக்ர் (ரலி) உடனே உதவியைத் தொடர்ந்தார்கள். பெற்ற மகளின்மேல் பழி பேசியவரையே விலக்கிவைக்கக் கூடாது என்றால், யாரையும் பழிக்காத, தானே பாதிக்கப்பட்ட சிறுமியை எப்படி விலக்குவது?

அவர் பதில் பேசவில்லை. அடுத்த வாரம் 10 பேருக்குச் சாப்பாடு போட எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்டார்.

அந்தப் பெண்ணின் வீட்டாருக்கும் ஒரு ஹதீஸைச் சொன்னோம். ஜுஹைனா கோத்திரப் பெண் ஒருவர் விபச்சாரத்தால் கர்ப்பமாகி நபி (ஸல்) அவர்களிடம் தாமாகவே வந்து ஒப்புக்கொண்டார். நபியவர்கள் அவருடைய பொறுப்பாளரை அழைத்து முதலில் சொன்னது, இவரிடம் நல்லமுறையில் நடந்துகொள் என்பது. பிரசவமான பிறகே அழைத்துவரச் சொன்னார்கள். தண்டனைக்குரிய குற்றத்தை ஒப்புக்கொண்ட பெரிய பெண்ணின் விஷயமே இது. நம்மில் சில வீடுகளில் நடப்பதோ முதலில் அடி, பிறகு பூட்டிய அறை, பிறகு காரணமானவனுக்கே அவசர நிக்காஹ். 18 வயது நிறையாத மனைவியோடு உறவு கொள்வதும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துவிட்டது. குற்றம் செய்தவனுக்குப் பிள்ளையைப் பரிசாகக் கொடுப்பது மார்க்கமும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம்

குடும்பங்கள் தாமதிப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்: டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிடுவார், ஊரெல்லாம் தெரிந்துவிடும். டாக்டர் தகவல் தருவது உண்மை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் எவரும் குழந்தையே. சம்மதித்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றம் நடந்தது தெரிந்த பெரியவர்கள் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. ஆனால் தெரிவிக்காத குழந்தைக்கு அந்தத் தண்டனை கிடையாது என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ரகசியம் தெரிந்த தோழியைச் சட்டம் பிடித்துவிடும் என்று எந்தப் பிள்ளையும் பயப்படவேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதுதான் குற்றம். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளுடைய அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

சிறுமிகளுக்கு 24 வாரம்வரை, பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு, கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கிறது. மார்க்கத்தில் இது கனமான விஷயம். ரூஹ் ஊதப்படும் 120 நாளுக்குப் பின் தாயின் உயிரைக் காப்பதற்கன்றி அனுமதி இல்லை. அதற்கு முன்னர் எந்த அளவுக்கு என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. டிரஸ்ட் இதில் ஃபத்வா கொடுப்பதில்லை. ஆலிமையும் மருத்துவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுங்கள், ஆனால் நாட்களைக் கடத்தாதீர்கள். பிரசவம் வரை போனாலும் வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் இருக்கிறது. எந்த முடிவானாலும் அந்தக் குழந்தைமீது குற்றமில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆனின் வாக்கு (6:164).

நம்மிடம் வந்த பெண்ணின் விஷயத்தில் என்ன முடிவானது என்று எழுதமாட்டேன். அது அந்தக் குடும்பத்தின் அமானிதம். அவள் படிப்பைத் தொடர்கிறாள். விட்டுப்போன பாடங்களின் நோட்டுகளைத் தோழி எழுதி, தன் அத்தா கையிலேயே கொடுத்தனுப்பினாள். இருவரும் பழையபடி ஆகிவிட்டார்களா என்றால், இல்லை. பேசிக்கொள்கிறார்கள். பெருநாளன்று ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி வந்ததாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் டிரஸ்ட் நூலகத்தை ஒட்டிய அறையில் ஆலிமாவும் பெண்கள் பிரிவின் மூத்த சகோதரி ஒருவரும் இருப்பார்கள். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டோம். தனியாக வரத் தயங்கும் பிள்ளை தோழியோடு வரலாம். எதை எங்களுக்குள் வைத்துக்கொள்ள முடியும், எதைச் சட்டப்படி சொல்லியே ஆகவேண்டும் என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள். இங்கே வர மனமில்லாதவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.